கடன் வாங்கினவங்கட பெயரை பேனர் அடிச்சுக் கடை முன்னால கட்டலாமா?

வெல்லாவெளிக்கடை:

எல்லாருக்கும் வணக்கம். இலங்கையில மட்டக்களப்புப் படுவான்கரையில, வெல்லாவெளிக்குக் கிட்ட பலசரக்குக் கடை வச்சிருக்கன். அப்பாட காலத்துக் கடை. அரிசி, மா, சீனி, போன் ரீலோட், போகம் தொடங்கினா கொஞ்சம் களைநாசினி, கிருமிநாசினி எல்லாம் இருக்கும். இந்தப் பக்கம் கடன் குடுக்காம கடை நடத்த ஏலாது. வயல்காரர் வெட்டினதும் தருவாங்க, கூலிக்குப் போறவங்க கிழமைக் கடைசியில தருவாங்க, வெளிநாட்டுக் காசு வாற வீடு மாதம் முடியத் தரும். கொப்பியில எழுதுவம், கட்டினதும் கோடு போட்டு வெட்டுவம். அவ்வளவுதான் கணக்கு.

2021இல இரசாயனப் பசளை இறக்குமதியை நிப்பாட்டினாங்களே, அந்தப் பெரும்போகத்தோட எல்லாம் குழம்பிற்று. விளைச்சல் விழுந்துது. அடுத்த வருசம் விலை ஏறின ஏத்தத்தில, மாதம் எட்டாயிரத்துக்கு எழுதின வீடு அதே சாமானை இருபதாயிரத்துக்கு எழுத வேண்டி வந்துது. அந்தப் பழைய பாக்கி இன்னும் தீரல்ல, அதுக்கு மேல புதுசும் ஏறிக் கிடக்கு. இப்ப கொப்பியில நாலரை லட்சத்துக்கு மேல நிக்குது.

இதில பாதி ஏலாதவங்க. அவங்களைப் பத்தி நான் கதைக்க வரல்ல. மத்தப் பாதி, இருக்கு, ஆனா தரமாட்டாங்க. ஒராள் கிட்டடியில புது மோட்டார் சைக்கிள் எடுத்தார். எனக்கு 38,000 தரோணும். இன்னொரு வீடு களுவாஞ்சிகுடிக்குப் போய் ரொக்கத்துக்குச் சாமான் வாங்கி, பையை ஹேண்டிலில கொழுவிக்கொண்டு என்ட கடை வாசலாலயே போகுது. கேட்டா "வாற கிழமை". போன் அடிச்சா எடுக்கிறதில்ல.

மகன் பேனர் ஒண்டு டிசைன் பண்ணி வச்சிருக்கான். பதினொரு பேர். பெயர், ஊர், தொகை, படம். படம் கடைக் கமராவில இருந்து எடுத்தது. தலைப்பு: "வாங்கத் தெரிந்தது, கொடுக்கத் தெரியவில்லை." பேஸ்புக்கிலயும் போடுவம் எண்டுறான். மனுசி வேண்டாம் எண்டு ஒரே சண்டை. இன்னும் பிரிண்டுக்குக் குடுக்கல்ல. செய்யலாமா? இப்படிச் செஞ்சவங்க யாரும் இருந்தா சொல்லுங்க.

கல்லடிப்பாலம்:

போடுங்க அண்ணன், யோசிக்காதீங்க. வெட்கம் வந்தாத்தான் காசு வரும். எங்கட பக்கம் ஒரு கடையில இப்படித்தான் பேஸ்புக்கில போட்டாங்க. அந்தக் கிழமைக்குள்ளேயே ரெண்டு பேர் ஓடி வந்து கட்டினாங்க.

காத்தான்குடி மொத்தம்:

தம்பி, ரெண்டு பேர் கட்டினது சரி. மொத்தம் எத்தனை பேர்ட பெயர் போட்டாங்க? மிச்சப் பேர் என்ன செஞ்சாங்க?

கல்லடிப்பாலம்:

ஒரு பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கும் நானா. மிச்சப் பேர் இப்ப அந்தக் கடைப் பக்கம் வாறதில்ல போல.

காத்தான்குடி மொத்தம்:

அதைத்தான் கேட்டன். வராதவன்ட காசு எப்படி வரும்?

நான் மொத்த வியாபாரம். கல்முனை, ஏறாவூர், செங்கலடி எண்டு சில்லறைக் கடைகளுக்குச் சாமான் போடுறவன். எனக்கும் பாக்கி இரிக்கி, கொஞ்சநஞ்சமில்ல. ஆனா ஒரு கடைக்காரன்ட பெயரை நான் வெளியில சொன்னா என்ன நடக்கும் தெரியுமா? அடுத்த நாள் விடியக்குள்ள அவனுக்குச் சாமான் போட்ட அத்தனை பேரும் ஒரே நேரத்தில கதவைத் தட்டுவான். அரிசிக்காரன், பிஸ்கட்காரன், சவர்க்காரக் கொம்பனி எல்லாரும். அவன் ஆருக்குக் குடுப்பான்? கடையைப் பூட்டிப் போட்டு ஊரை விட்டுப் போயிருவான். என்ட காசும் அதோட சரி. மெல்ல மெல்லத் தந்துகொண்டிருந்தவனைத் தராதவனா ஆக்கினது நான்தான் எண்டு ஆகும். அதனாலதான் பசார்ல பாக்கிக் கதையைப் பொத்திப் பொத்திப் பேசுறது. இரக்கத்தாலயும்தான், லாபத்தாலயும்தான்.

எங்கட ஆக்கள் சிலர் பேனர் கட்டுறதுக்கு ஒரு ஹதீஸைக் காட்டுவாங்க: வசதி இருந்தும் இழுத்தடிக்கிறவன்ட மானத்தைத் தொடுறதும் அவனைத் தண்டிக்கிறதும் ஆகும், அதாவது அனுமதி எண்டு வருது. ஆனா அதுக்கு இப்னுல் முபாரக் இமாம் தந்த விளக்கத்தையும் சேர்த்துப் படிக்கோணும். அவனோட கடுமையாப் பேசலாம், அவனை அடைச்சி வைக்கலாம் எண்டு அவர் சொல்றார். கடுமையாப் பேசுறது உங்கட உரிமை. அடைக்கிறது நீதவான்ட வேலை. படத்தைப் பெருசாக்கி ரோட்டில தொங்கவிடுறது ரெண்டிலயும் இல்ல. அதுவும் இது வசதி உள்ளவனுக்கு மட்டும். கஷ்டப்பட்டவனுக்கு குர்ஆன்ல சூரா பகரா 280ஆவது வசனம் இரிக்கி, வசதி வாற வரைக்கும் தவணை குடு, விட்டுக் குடுத்தா இன்னும் நல்லம் எண்டு. ரெண்டு வசனம் தள்ளி, கடனை எழுது, சாட்சி வை எண்டும் இரிக்கி. எங்கட வியாபாரிமார் முதலாவதையும் மறந்தாச்சி, ரெண்டாவதையும் மறந்தாச்சி.

நிந்தவூர் ஹாட்வெயார்:

நானாட ஹதீஸ் விளக்கம் நல்லம். ஆனா என்ட செக் திரும்பி வந்தா பேங்க் மெனேஜர் ஹதீஸ் கேட்கமாட்டார்.

நான் பெயர் போடல்ல, கடைக்குள்ள ஒரு கரும்பலகை வச்சன். முதலெழுத்தும் தொகையும் மட்டும். "மு.இ. 12,400", "ஆ.ப. 9,000" இப்படி. படம் இல்ல, ஊர் இல்ல. பாதிக் காசு வந்துது. நான் அதைப் பிழை எண்டு இப்பவும் சொல்லமாட்டன். சாமானை எடுத்துக்கொண்டு போனவனுக்கு இல்லாத சங்கடம் குடுத்தவனுக்கு ஏன்?

வெல்லாவெளிக்கடை:

முதலெழுத்து நல்ல யோசனையாக் கிடக்கே. பெயர் இல்லாட்டி யாரும் கேட்கவும் ஏலாது.

ஓய்வூதியக்காரன்:

தம்பி, உங்கள் ஊரில் எத்தனை குடும்பம் இருக்கும்? முதலெழுத்தைப் போட்டால் பேப்பரில் வரும் குறுக்கெழுத்துப் போட்டியைப் போல ஊரே உட்கார்ந்து நிரப்பும். விடை தெரியாதவன் பக்கத்தில் நிற்பவனிடம் கேட்பான். அதே எழுத்துள்ள இன்னொருவர் "அது நான் இல்லை" என்று வீடு வீடாகச் சொல்லித் திரிவார். அப்படி ஒருவரைக் காரைதீவில் எனக்குத் தெரியும். அவருக்கு அந்தக் கடையில் ஐந்து சதம் பாக்கி இருந்ததில்லை.

கடனாளியை எல்லாருக்கும் முன்னால் நிறுத்துவது புதுப் பழக்கமும் இல்லை. 13ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரைப் பக்கம் வந்த மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார். பலமுறை கேட்டும் தராத கடனாளியைக் கண்டால், கடன் கொடுத்தவன் அவனைச் சுற்றி நிலத்தில் வட்டம் கீறுவானாம். கடனைத் தீர்க்காமல் அல்லது பிணை கொடுக்காமல் வட்டத்தை விட்டுத் தாண்டினால் மரண தண்டனை. வெளியூர் வியாபாரி ஒருவன் அரசனையே குதிரையோடு சேர்த்து வட்டம் கீறி நிறுத்தினானாம். காசு வரும்வரை அரசனும் அசையவில்லையாம். பலமுறை கேட்ட பிறகுதான் கீறலாம். ஆளை நேரில் பார்த்துத்தான் கீறலாம். கடன் தீர்ந்ததும் கால் பட்டு அந்தக் கோடு அழிந்துவிடும். பேஸ்புக்கில் கீறிய கோட்டை எந்தக் கால் அழிக்கும்?

கல்லடிப்பாலம்:

சேர், சீனாவில இப்பவும் கடன் கட்டாதவன்ட பெயரை ஸ்கிரீனில போடுறாங்களே. அங்க நாடு முன்னேறாமலா இருக்கு?

கல்முனைக் கந்தோர்:

சீனாவில் 2013 முதல் அந்தப் பட்டியலைப் போடுவது நீதிமன்றம். வழக்கு நடந்து, தீர்ப்பு வந்து, அதற்குப் பிறகும் கட்டாதவரின் பெயர்தான் அதில் வரும். கடைக்காரரின் மகன் போடுவதில்லை. அதையும் சரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

நான் சட்டத்தரணி இல்லை. சட்டத்தரணி ஒருவரின் கந்தோரில் கோப்புப் பார்க்கிறவன். இந்த மாதிரி விஷயங்கள் எங்கள் மேசைக்கு இரண்டு பக்கத்தில் இருந்தும் வரும், அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் மானநஷ்டம். பொலிசில் பிடித்துக் கொடுக்கும் குற்றவியல் மானநஷ்டம் 2002இல் நீக்கப்பட்டுவிட்டது. சிவில் வழக்கு இருக்கிறது. எங்கள் நாட்டில் அதற்கு ரோமன் டச்சுச் சட்டம். இதில் கடைக்காரர்கள் எல்லாரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: "நான் போட்டது உண்மைதானே" என்பது மட்டும் போதாது. உண்மையாகவும் இருக்க வேண்டும், அதை வெளியிட்டதில் பொதுமக்களுக்கு ஒரு நன்மையும் இருக்க வேண்டும். ஒரு வீட்டில் சீனிக்கும் மாவுக்கும் 14,000 ரூபா பாக்கி என்பதை வெல்லாவெளிச் சனம் அறிந்து என்ன நன்மை அடையப் போகிறது என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கேட்டால், உங்களிடம் என்ன பதில் இருக்கிறது?

அடுத்தது, 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம். அந்தச் சட்டத்தைப் பற்றி எனக்கும் நல்ல அபிப்பிராயம் இல்லை, வாயை அடைக்கக் கொண்டுவந்தது என்று பலர் சொன்னது சும்மா இல்லை. ஆனால் ஒருவரைத் தொந்தரவு செய்யும் நோக்கத்தோடு அவருடைய தனிப்பட்ட தகவலை இணையத்தில் போடுவது அதில் குற்றம். பெயர், படம், கடன் தொகை, போன் நம்பர் எல்லாம் சேர்த்துப் போட்டுவிட்டு "நோக்கம் தொந்தரவு இல்லை" என்று வாதாடுவது கஷ்டம். அதற்காகத்தானே போடுகிறீர்கள்.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. பிரதான பகுதிகள் 2025 மார்ச் 18இல் நடைமுறைக்கு வரவிருந்து பின்போடப்பட்டன. ஆனால் அதன் அடிப்படை எளிது: எந்தத் தேவைக்கு ஒருவரின் விபரத்தை வாங்கினீர்களோ அந்தத் தேவைக்கே பாவிக்க வேண்டும். கமராவைக் களவு பிடிக்க வைத்தீர்கள். கொப்பியைக் கணக்குக்கு வைத்தீர்கள்.

பக்கத்து நாட்டில் கிட்டத்தட்ட உங்கள் பேனர் போலவே ஒன்று நீதிமன்றம் வரை போனது. கேரளத்தில் செம்பழந்தி என்ற இடத்தில் ஒரு விவசாயக் கூட்டுறவுச் சங்கம் கடன் கட்டாதவர்களின் பெயர், படத்தோடு பிளெக்ஸ் போர்ட் வைத்தது. அகற்றச் சொல்லி அதிகாரி உத்தரவிட, சங்கம் உயர் நீதிமன்றம் போனது. மானத்தோடு வாழும் உரிமையை மீறுகிறது, இப்படி வசூலிக்க முடியாது என்று 2024 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. அது இங்கே கட்டுப்படுத்தாது, ஆனாலும் படித்துப் பார்க்கலாம்.

வெல்லாவெளிக்கடை:

அப்ப சட்டம் முழுக்க வாங்கினவன் பக்கம்தானா? குடுத்தவனுக்கு ஒண்டும் இல்லையா?

கல்முனைக் கந்தோர்:

இருக்கிறது. ஆனால் நீங்கள் விரும்பமாட்டாத ஒரு விஷயத்தை முதலில் சொல்ல வேண்டும். 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டம். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம், இன்றைக்கும் நடைமுறையில் உள்ளது. கடைப் பில், கொப்பிக் கடன், விற்றுக் கொடுத்த சாமான், இவற்றுக்கு வழக்குப் போட ஒரு வருசம்தான்.

வெல்லாவெளிக்கடை:

ஒரு வருசமா??? என்ட கொப்பியில பாதி அதுக்கு அங்கால.

கல்முனைக் கந்தோர்:

பதற வேண்டாம். கடனாளி "இவ்வளவு தரவேண்டும்" என்று எழுதிக் கையெழுத்து வைத்தால், அல்லது கணக்கில் ஒரு பகுதியைக் கட்டினால், காலம் புதிதாக ஓடத் தொடங்கும். வாயால் "தாறன்" என்று சொன்னது எடுபடாது. எழுத்தில் முறையாக வாக்குறுதி கொடுத்து எழுதிய கடனுக்கு ஆறு வருசம். அதனால் பேனர் அடிக்கக் கொடுக்கும் காசுக்கு ஒரு சி.ஆர். கொப்பியும் பேனையும் வாங்குங்கள். மாதக் கடைசியில் மொத்தத்தைக் கூட்டி எழுதி, கீழே அவர்களின் கையெழுத்து, திகதி. பகுதியாக ஆயிரம் தந்தாலும் எழுதி, தந்தவரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

பேனர் கட்டினால் இந்தக் கையெழுத்து கிடைக்குமா என்று யோசித்துப் பாருங்கள். முகத்தில் முழிக்காதவர் வந்து கையெழுத்து வைக்கமாட்டார். வருசம் தன்பாட்டில் ஓடிவிடும்.

வாவிக்கரை:

நான் எழுதுறதா விடுறதா எண்டு ரெண்டு நாளா யோசிச்சன். சட்டம் எல்லாம் அந்தத் தம்பி சொல்லிற்றார், நான் மற்றப் பக்கத்தைச் சொல்றன்.

நுண்கடன் எடுத்தவள் நான். பெயர் சொல்லாத ஒரு கொம்பனி. வீட்டுக்காரர்ட வலைக்கும் தோணி திருத்தவும் எடுத்தது. ஆனா கடன் என்ட பெயரில, ஏனெண்டா பொம்பிளைகளுக்குத்தான் குடுப்பாங்க, குழுவாச் சேர்த்து. ஒராள் கட்டாட்டி மத்தவங்க கட்டோணும். கிழமைக் கூட்டத்தில என்ட பங்கு வராட்டி ஒருத்தரையும் எழும்ப விடமாட்டாங்க. எல்லாப் பெண்டுகளும் பாயில இருந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருப்பாங்க. அடுப்பில சோறு வச்சிட்டு வந்தவ, பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளை வாற நேரம் எண்டு தவிக்கிறவ, எல்லாரும். ஒரு நாள் வசூலிக்க வந்த பொடியன் வாசல்ல கதிரை கேட்டு வாங்கிப் போட்டு, காலை நீட்டி இருந்தான். அந்தக் கதிரையைக் குடுத்தது என்ட மகள். ரோட்டால போற வாறவங்களிட்ட அவனாவே சொல்றான், "அக்கா காசு தரும் வரைக்கும் இருக்கிறன்" எண்டு. மகள் மறுகா அந்தக் கதிரையில இருக்கவே மாட்டன் எண்டிற்றாள்.

நான் கட்டினன். எப்படி? இன்னொரு கொம்பனியில எடுத்துக் கட்டினன். வெட்கத்தில கட்டுற காசு அப்படித்தான் வரும். உழைச்சு வராது. தோட்டை அடகு வச்சு வரும், இல்லாட்டி வேறொரு கடனில இருந்து வரும்.

2018இல ஐ.நா.வில இருந்து கடன் சம்பந்தமான நிபுணர் ஒருவர் இலங்கைக்கு வந்து பார்த்து, இதுகளை எழுதினவர். வசூலிக்க வாறவங்கட தொந்தரவு, பாலியல் தொல்லை வரைக்கும். அதே வருசம்தான் அரசாங்கம் வறட்சி பட்ட 12 மாவட்டத்துப் பொம்பிளைகள்ட ஒரு லட்சம் வரைக்குமான நுண்கடனைத் தள்ளுபடி செய்யிறம் எண்டது. எனக்கு அது கிடைக்கல்ல, அதுக்கு முதலே நான் கட்டி முடிச்சிற்றன். அதையும் என்னெண்டு சொல்ற.

தம்பி, உங்களிட்ட ஒண்டு கேட்கிறன். அந்தப் பதினொரு பேரில எத்தனை பேர் பொம்பிளைகள்? கடைக்கு வாறது அவ. சாமான் எடுக்கிறது அவ. கொப்பியில விழுறது அவட பெயர். சாப்பிடுறது வீடு முழுக்க. புது மோட்டார் சைக்கிள் ஓடுறவர்ட படம் பேனரில இருக்கா, இல்லாட்டி அவர்ட மனுசிட படமா?

வெல்லாவெளிக்கடை:

அக்கா, கொப்பியைப் பார்த்திட்டு எழுதுறன். ஏழு பேர் பொம்பிளைகள். மோட்டார் சைக்கிள்காரர் கடைக்கு வந்ததே இல்ல. கமராவில இருக்கிறது அவர்ட மனுசிதான், இடுப்பில சின்னப் பிள்ளை, கையில டொபியைப் பிடிச்சுக்கொண்டு கமராவைப் பார்க்குது. மகன் பிள்ளையை வெட்டித்தான் போட்டிருக்கான், ஆனா ஒரு கை மட்டும் படத்தில நிக்குது.

தோகா அறை:

இதைக் கட்டாரில இருந்து வாசிக்கிறன். கடைப் பேனர் எண்டதும் நெஞ்சு பக்கெண்டுது, அண்ணன் எங்கட ஊர்க் கடையோ எண்டு. இல்ல, எங்கட ஊர் அங்கால திருக்கோவில் பக்கம்.

எங்கட ஊரில ஒரு கடை (பெயர் வேண்டாம்) என்ட மனுசிட பெயரைப் பேஸ்புக்கில போட்டுது. "புருசன் வெளிநாட்டில், காசுக்குக் குறைவில்லை, கடன் கட்ட மனமில்லை" எண்டு. எனக்கு ஸ்கிரீன்ஷொட் அனுப்பினது ஊர்க்காரன் ஒருத்தன், சிரிக்கிற இமோஜி வேற. அந்த நேரம் கொம்பனி எங்களுக்குச் சம்பளம் போடாம இழுத்துக்கொண்டு கிடந்தது. அறையில எல்லாரும் பருப்பும் ரொட்டியும். வெளிநாட்டில இருக்கிறவன் கையில காசு இல்லை எண்டா ஊரில ஆர் நம்புவான்?

சம்பளம் வந்ததும் எல்லாக் கடனும் கட்டினன். அந்தக் கடைக்கு மட்டும் கடைசியாக் கட்டினன். கோபத்திலதான். மத்த ரெண்டு கடையும் ஒரு வார்த்தை சொல்லல்ல, அவங்களுக்கு முதல் மாசமே போயிற்று. கட்டின பிறகும் அந்தப் போஸ்டை எடுக்கல்ல. சொன்னதுக்கு, "பேஜைப் பார்க்கிற பொடியன் கொழும்புக்குப் போயிற்றான், பாஸ்வேர்ட் தெரியாது" எண்டாங்க.

நிந்தவூர் ஹாட்வெயார்:

தம்பி, உங்கட கஷ்டம் விளங்குது. ஆனா நீங்க கட்டினீங்க. கடைசியா எண்டாலும் கட்டினீங்க. போடாட்டி கட்டியிருப்பீங்களா?

தோகா அறை:

மத்த ரெண்டு பேரும் போடல்லையே நானா. அவங்களுக்குத்தான் முதல்ல கட்டினன் எண்டு சொன்னன்.

மட்டு குறூப் அட்மின்:

இந்தக் கதையில எங்கட பக்கத்தையும் சொல்லிவிடுறன். எங்கட ஊர்க் குறூப்பில ஆயிரக்கணக்கில ஆக்கள். "இவரைக் கண்டால் அறிவிக்கவும், ஏமாற்றுப் பேர்வழி" எண்டு போஸ்ட் வந்துகொண்டே இருக்கும். சிலது அடையாள அட்டைப் படத்தோடயே வரும். லீசிங்குக்குக் குடுத்த போட்டோக்கொப்பியா இருக்கும், தவணைக்கு டீவி எடுக்கக்குள்ள குடுத்ததா இருக்கும்.

அடையாள அட்டை இலக்கத்தை வெளியில விடுறது எவ்வளவு பெரிய சோலி எண்டு ஆக்களுக்கு விளங்குறதில்ல. அந்த இலக்கத்திலேயே பிறந்த வருசம் இருக்கு, வருசத்தில எத்தனையாவது நாள் எண்டு இருக்கு. பொம்பிளை எண்டா அந்த நாளோட ஐந்நூறைக் கூட்டியிருப்பாங்க. பழைய ஒன்பது இலக்கமும் வி எழுத்தும் உள்ளதோ, 2016க்குப் பிறகு வந்த பன்னிரண்டு இலக்கமோ, ரெண்டும் அப்படித்தான். பெயர், பிறந்த திகதி, விலாசம், முகம், நாலும் ஒரே படத்தில. அதை வச்சு என்னவெல்லாம் செய்யலாம் எண்டு நான் இதில சொல்லித் தரப் போறதில்ல.

பெயர் மாறின கதையும் இருக்கு. ஒரே பெயரில, ஒரே தகப்பன் முதலெழுத்தில மூணு பேர் இருக்கிற ஊர் எங்கட ஊர். ஒராள்ட கடனுக்கு இன்னொராள்ட புரொபைல் படத்தைப் போட்டு வந்துது. நான் பார்த்து அழிக்கிறதுக்குள்ள வட்ஸ்அப் குறூப்புகளுக்குப் போய்ச் சேர்ந்திட்டுது. இப்ப கடன் போஸ்ட் எது வந்தாலும் அனுமதிக்கிறதில்ல. திட்டுறாங்க. திட்டட்டும்.

காத்தான்குடி மொத்தம்:

அட்மின் சொன்னது நூற்றுக்கு நூறு. ஆனா நான் மறைக்காம ஒண்டு கேட்கிறன், கந்தோர்த் தம்பிக்கிட்ட. எங்கட வியாபாரிமாருக்கு ஒரு சின்ன வட்ஸ்அப் குறூப் இரிக்கி. "இன்னார் மூணு இடத்தில பாக்கி நிக்கிறார், கவனம்" எண்டு போடுவம். வெளியில போறதில்ல. அதுவும் பிழையா?

கல்முனைக் கந்தோர்:

நானா, வங்கிகளுக்கு இதே வேலையைச் செய்ய ஒரு சட்டமே இருக்கிறது. 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தில் அமைந்த கடன் தகவல் பணியகம், எல்லாரும் கிரிப் என்று சொல்வது. அங்கே அங்கத்துவ நிறுவனங்கள் மட்டும் பார்க்கலாம். உங்கள் அறிக்கையை நீங்களும் எடுத்துப் பார்க்கலாம், பிழை இருந்தால் திருத்தக் கேட்கலாம். உங்கள் குறூப்பில் பெயர் விழுந்தவருக்குத் தன் பெயர் விழுந்ததே தெரியாது. கட்டி முடித்த பிறகு யாராவது "கட்டிவிட்டார்" என்று போடுகிறீர்களா?

காத்தான்குடி மொத்தம்:

சிலர் போடுவாங்க.

கல்லடிப்பாலம்:

"சிலர்" 😄

நிந்தவூர் ஹாட்வெயார்:

அந்தக் குறூப்பும் இல்லையெண்டா எங்கட பொடியனுகள் ரெண்டு வருசத்தில கடையை மூடோணும். அதை மட்டும் விடுங்க.

வெல்லாவெளிக்கடை:

கந்தோர்த் தம்பி, கையெழுத்து வைக்கமாட்டன் எண்டு நிண்டா மறுகா எங்க போற? இந்தத் தொகைக்குச் சட்டத்தரணி வச்சு வழக்கு எண்டா கடனை விடச் செலவு கூட.

கல்முனைக் கந்தோர்:

மத்தியஸ்த சபை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தில் வந்தது. உங்களுடையது போன்ற சிறிய தொகைக்கு நீதிமன்றம் போவதற்கு முதல் அங்கேதான் போக வேண்டும். பிணக்கு எழுந்த இடத்துச் சபையின் தவிசாளருக்கு விண்ணப்பம் எழுதலாம். கடை உங்கள் ஊரில் இருப்பதால் உங்கள் பிரிவுச் சபைக்கே போகலாம். பிரதேச செயலகத்தில் கேட்டால் எங்கே, எந்த நாளில் கூடுகிறார்கள் என்று சொல்வார்கள். அனேகமாக விடுமுறை நாளில் பாடசாலைக் கட்டடத்தில் நடக்கும். சட்டத்தரணி தேவையில்லை. மத்தியஸ்தர்கள் ஊரில் மதிப்புள்ள ஆட்கள், ஓய்வு பெற்ற அதிபர்மார் மாதிரி. மோட்டார் சைக்கிள்காரர் உங்கள் முகத்தைப் பார்க்காமல் போகலாம், அவர்களின் முகத்தைப் பார்க்காமல் போவது கஷ்டம்.

இணங்கினால் தவணைகளை எழுதி இரண்டு பேரும் கையெழுத்து வைப்பீர்கள். இணங்காவிட்டால் தீர்வு இல்லை என்று சான்றிதழ் தருவார்கள், அதோடு நீதிமன்றம் போகலாம். போகும்போது கொப்பியைக் கொண்டு போங்கள், அந்த வீட்டுக் கணக்கின் பக்கத்தைத் தனியாகப் போட்டோக்கொப்பி எடுத்து. கொப்பியை விரித்து மேசையில் வைக்க வேண்டாம். மற்ற வீடுகளின் கணக்கையும் அவர் வாசித்துவிடுவார்.

வாவிக்கரை அக்காவுக்கும் ஒரு சொல்: வங்கி, நிதிக் கொம்பனி மாதிரி மத்திய வங்கியின் கீழ் வரும் நிறுவனங்கள் வசூலிக்கும்போது தொந்தரவு செய்வதற்கு எதிராக 2023இல் நிதியியல் நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் வந்திருக்கின்றன. முறைப்பாட்டுக்கு மத்திய வங்கியின் 1935 என்ற போன் இலக்கம். பதிவில்லாத கொம்பனிக்கு அது செல்லாது, அதுதான் இங்கே பெரிய ஓட்டை.

ஓய்வூதியக்காரன்:

மத்தியஸ்த சபை பற்றி ஒரு எச்சரிக்கை. ஊர்ச் சபை என்பதால் மத்தியஸ்தரே கடனாளியின் மாமனாராக இருக்கவும் கூடும். அப்படியானால் வேறு ஆளைக் கேளுங்கள், சங்கடப்பட வேண்டாம்.

வெல்லாவெளிக்கடை:

எல்லாருக்கும் நன்றி. என்ன செஞ்சிருக்கன் எண்டு எழுதிவிடுறன், ஆக்கள் கேட்டிருந்தீங்க.

பேனர் இல்லை. பேஸ்புக்கும் இல்லை. ஏலாத வீடுகளுக்கு நானும் மனுசியும் பின்னேரம் கடை சாத்தினாப் பிறகு போனம். பகல்ல போனா பக்கத்து வீடு வேலியால எட்டிப் பார்க்கும். கணக்கைத் துண்டில எழுதிக் கொண்டு போய்க் குடுத்து, வெட்டுக்குப் பிறகு எவ்வளவு, மாதம் எவ்வளவு எண்டு அவங்க சொன்னதையே எழுதிக் கையெழுத்து எடுத்தம். ஒருத்தி சாமான் கேட்டு வாறதையே விட்டிருந்தா, வெட்கத்தில. வாங்க எண்டு சொல்லிற்று வந்திருக்கிறம், ஆனா மாதம் பத்தாயிரத்துக்கு மேல எழுதமாட்டன் எண்டும் சொல்லியாச்சு, எல்லாருக்கும் அதே கணக்கு. களுவாஞ்சிகுடிப் பை வீட்டுக்காரர் ஐயாயிரம் தந்து கையெழுத்தும் வச்சிற்றார், முகத்தைத் தூக்கி வச்சுக்கொண்டுதான். மோட்டார் சைக்கிள்காரருக்கு மத்தியஸ்த சபைக்கு எழுதியாச்சு. விண்ணப்பத்தில அவர்ட பெயர்தான், மனுசிட பெயர் இல்ல. கடன் அவர்ட வீட்டுக்கு எண்டு எழுதினன்.

மகன் டிசைனை அழிச்சிற்றான். படங்களையும் அழிக்கச் சொன்னன். இனி ஒரு சந்தேகம்: கமராப் பெட்டிக்குள்ள பழசு எவ்வளவு காலம் கிடக்கும்? அவனுக்கும் தெரியா.

மட்டு குறூப் அட்மின்:

ஹார்ட் டிஸ்க் நிறைஞ்சா பழசுக்கு மேல தானாவே புதுசு பதியும் அண்ணன். டிஸ்க் பெருசு, கமரா குறைவு எண்டா மாதக்கணக்கில கிடக்கும். பெட்டிட செட்டிங்கில எத்தனை நாளைக்கு வைக்கிற எண்டு குடுக்கிற இடம் இருக்கும், ரெண்டு கிழமைக்கு விட்டா களவு பார்க்கப் போதும். பாஸ்வேர்டையும் மாத்துங்க, அனேகமாப் பூட்ட வந்தவன் வச்ச அதேதான் இன்னும் இருக்கும்.

நிந்தவூர் ஹாட்வெயார்:

எல்லாம் நல்லம். மோட்டார் சைக்கிள்காரன்ட 38,000 வந்துதா எண்டு மட்டும் மறக்காம இதில எழுதுங்க. வராட்டி என்ட கரும்பலகையைத் தாறன்.

வெல்லாவெளிக்கடை:

சபை கூடட்டும் நானா, எழுதுறன்.